குமிழைத் திருகும் கை

எந்தக் குமிழைக் கண்டாலும் கை அரிக்கும் மனிதர்கள் ஓர் இனம். மின்விசிறி மூன்றில் சுழன்றால் ஐந்துக்குத் தள்ளுவார்கள்; அடுப்பு சிறு தீயில் எரிந்தால் 'இது எப்ப வேகறது?' என்று பெரிதாக்குவார்கள். லிஃப்ட் பொத்தான் ஏற்கெனவே ஒளிர்ந்துகொண்டிருந்தாலும் நாலு குத்துக் குத்துவார்கள். இவர்களுக்கென்று தனிச் சங்கம் கிடையாது. எதற்கு? இருக்கிற சங்கங்களுக்கெல்லாம் இவர்கள்தான் தலைவர்கள்.

நல்ல மாதிரி வேண்டுமானால், பிளாஸ்டிக் சாமான் வார்க்க எஃகு அச்சு செய்யும் பட்டறை ஒன்றின் ஃபோர்மேனைப் பாருங்கள். பெற்றோர் வைத்த பெயர் அங்கே செல்லாது. 'நூத்திருவது' என்றால்தான் தெரியும். கம்ப்யூட்டர் புரோகிராம்படி தானாக எஃகு வெட்டும் சி.என்.சி. மெஷினில் கட்டர் நகரும் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு குமிழ் உண்டு. நூறில் இருந்தால், புரோகிராமில் எழுதிய வேகம். நம்மவருக்கு அது போதுமா? எதிர்ப்படுகிறவர்களிடமெல்லாம் சௌக்கியம் விசாரிப்பதுபோல ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு திருகு கொடுத்துக்கொண்டே போவார். எல்லாம் நூற்றிருபது!

புரோகிராம் எழுதுகிறவள் அவருடைய மைத்துனி. பட்டறையில் 'சார்' என்றுதான் கூப்பிடுவாள். பொறுமை போனால் 'அத்தான்' வந்துவிடும்.

ஒருநாள் குழந்தை நாற்காலிக்கான அச்சு கடைசிக் கட்டத்தில் இருந்தது. ஒரு வாரமாகக் குடைந்த எஃகுக் கட்டி. மத்தியானம் வாடிக்கையாளர் பார்க்க வருகிறார். குழியின் உள்மூலைகள்தாம் பாக்கி. கட்டர் ஒவ்வொரு மூலையிலும் பதுங்கிப் பதுங்கிப் போயிற்று.

"என்னம்மா இது, மூலைக்கு மூலை நின்னு மூச்சு வாங்குது?"

"நேராப் போறப்ப கட்டருக்கு ஒரு பக்கம்தான் எஃகு, சார். மூலையில ரெண்டு பக்கமும் வந்து இறுக்கிப் பிடிக்கும். மெதுவாப் போனாத்தான் தாங்கும். கையை வெச்சிடாதீங்க."

"நான் எங்க வெச்சேன்?"

"எடுங்க அத்தான்!"

எடுத்தார். அவள் தொலைபேசிக்குப் போனாள். கை குமிழுக்குத் திரும்பி வந்தது. கெட்ட எண்ணமா? சத்தியமாக இல்லை. வருகிற மனிதர் முடிந்த வேலையைப் பார்க்கட்டுமே என்ற நல்ல மனசுதான்.

முதல் மூலையில் லேசாக முனகிற்று. "பாத்தியா?" என்றார் மெஷினை ஓட்டும் ஆபரேட்டரிடம். இரண்டாவது மூலையில் கிறீச்சென்று ஓர் அலறல், 'டக்'கென்று ஒரு சத்தம். பிறகு அமைதி. கட்டரின் பாதி தரையில் கிடந்தது. அச்சுக் குழியின் மூலைச் சுவரில் ஒரு காயம்.

எஃகு சரியில்லை என்றார். கட்டர் போலி என்றார். கரண்டு ஏறி இறங்குகிறது என்றார். ஆபரேட்டர் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். மைத்துனி ஓடி வந்து குமிழைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், குமிழை நூறுக்குத் திருப்பி வைத்தாள். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. முதலாளி அறைக்கு நடந்தார். நடைபாதை திரும்பும் இடத்தில் அவர் எவ்வளவு மெதுவாகத் திரும்பினார் தெரியுமா? ஆயுளில் முதல் தடவை!

"அச்சைக் காப்பாத்த முடியுமா?" என்று முதலாளி மைத்துனியிடம் கேட்டார்.

"சுத்தி ஒரு நகத்தளவு அகலமா வெட்டினா காயம் அதோட போயிடும், சார். உக்கார்ற இடம் கொஞ்சம் பெருசாகும், அவ்வளவுதான். அவங்க ஒத்துக்கணும்."

மத்தியானம் வந்த வாடிக்கையாளர் யோசித்தார், ஒத்துக்கொண்டார். நம்மவருக்குப் போன உயிர் திரும்பியது. ஒரு நன்றி சொன்னாரா? "நான் அப்பவே நெனச்சேன், கொழந்தைக்கு எடம் பத்தாதுன்னு!" என்றார்.

அன்றே மைத்துனி தன் புரோகிராம்களில் ஒரு வரி சேர்த்தாள். அது இருக்கும்வரை குமிழ் சுழலும். மெஷின் காதில் போட்டுக்கொள்ளாது. மறுநாள் அவர் வந்தார், நூற்றிருபதுக்குத் திருகினார், கண்ணை மூடி மெஷின் ஓடும் சத்தத்தைக் கேட்டார்.

"எப்படி வழுக்கிட்டு ஓடுது பாத்தியா?"

"ஆமா சார்," என்றார் ஆபரேட்டர்.

அதற்குப்பின் ஒரு கட்டரும் உடையவில்லை. "எல்லாம் கைராசி" என்கிறார் வீட்டில். "ஆமாங்க" என்கிறாள் மனைவி. தங்கை அவளிடம் எல்லாம் சொல்லியாயிற்று.

நீங்கள் அந்த இனம் இல்லை, தெரியும். ஆனாலும் ஒன்று கேட்கிறேன். கொஞ்ச காலமாக நீங்கள் எது சொன்னாலும் வீட்டிலும் வேலையிடத்திலும் மறுபேச்சில்லாமல் தலையாட்டுகிறார்களா? உங்கள் கை பட்டுத்தான் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று தோன்றுகிறதா? அப்படியானால் கவலையே வேண்டாம். தாராளமாகத் திருகுங்கள். எதுவும் உடையாது.