ஒடியல் பாயில் ஒரு கண்ணாடித் துண்டு

காலை பத்து மணி பதினேழு நிமிடத்துக்கு மகள் கொழும்புப் பயணத்துக்குக் கட்டிவைத்த பையிலிருந்து தண்ணீர் சொட்டியது. போத்தலை நிரப்பி உள்ளே வைத்தவன் நான். மூடியை இறுக்காமல் விட்டவனும் நான்தான். (வேறு யாரையாவது குற்றம் சொல்ல முடியுமா என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.)

மகள் இரசாயனவியல் ஆய்வு மாணவி. மின்சாரம் பாய்ந்தால் ஒளிரும் சேர்வைகள் செய்கிறாள்; கைப்பேசித் திரைக்கு ஆகுமாம். அவற்றில் இரண்டை இரு கண்ணாடித் துண்டுகளில் மெல்லிய படலமாகப் பூசி, அலுமினியத் தாளில் சுற்றி வைத்திருந்தாள். எட்டு மாத உழைப்பு. மறுநாள் கொழும்பில் அவற்றை அளக்க வேண்டும்.

காலைத் தேநீரோடு எனக்குப் பாடம் நடந்திருந்தது. இரண்டிலும் ஒரே அணுக்கள். ஒன்றின் மூலக்கூறுகள் அடுக்கிய தட்டுகள்போல ஒட்டிக்கிடப்பதால் ஒளி அமுங்கிவிடும். மற்றதில் நடு இணைப்பு திருகி முறுகியிருப்பதால் அவை நெருங்காது; நன்றாக ஒளிரும். எனக்கு மனதில் நின்றது, ஈரம் படக்கூடாது என்று அவள் சொன்னது மட்டும்தான்.

வட்டுக்கோட்டையில் எங்கள் வீட்டில் ஈரத்துக்கு ஒரே வைத்தியம் வெயில். முற்றத்துப் பாயில், கீறிய பனங்கிழங்கு ஒடியலாகக் காய்ந்துகொண்டிருந்தது. நனைந்த தாளைப் பிரித்து, துண்டுகளை அதன் நடுவில் வைத்தேன். காகம் தூக்காமலிருக்கக் கதிரை போட்டுக் காவலும் இருந்தேன்.

மனைவி எட்டிப் பார்த்தாள். "இஞ்சேருங்கோ, பிள்ளையை ஒருக்காக் கேட்டனீங்களோ?"

கேட்டால் போத்தல் கதையும் வெளியே வரும். "நானும் இரசாயனம் படிச்சனான்," என்றேன். (உயர்தரப் பரீட்சையில். சாதாரண சித்தி; தேறியதே பெரிது.)

மறுநாள் தவறிய அளவீட்டு நேரம் திரும்பக் கிடைக்கவில்லை. அவளது பட்டம் ஒரு வருடம் பிந்தியது. வீட்டில் எது பாழானாலும் மனைவி இன்றும் கேட்பது, அன்று மகள் கடைசியாகக் கேட்ட அதே கேள்விதான். எல்லோரும் சிரிப்பார்கள். நான் மட்டும் போத்தல் மூடிகளை இறுக்கப் போய்விடுவேன்.

அன்று நல்லூரில் சிநேகிதியைப் பார்க்கப் போயிருந்த மகள் மூன்று மணிக்கு வந்தாள். துண்டுகளை உள்ளே கொண்டுபோய், யன்னலைச் சாத்தி, அவற்றை ஒளிரவைக்கும் ஊதா ரோச் விளக்கைப் பிடித்தாள். மங்கலானது எப்போதும்போல மங்கலாக மினுங்கியது. நன்றாக ஒளிர வேண்டியது இருண்டு கிடந்தது.

"முறுகின இடத்திலைதான் அப்பா வெளிச்சம். வெயிலுக்கு முதல்லை உடையிறதும் அந்த இடம்தான்."

நிலத்தில் உட்கார்ந்தாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்:

"ஒடியலாவது காய்ஞ்சிட்டுதோ?"