திரு. பொறை அவர்களின் வீடு

கல்மண்டபத்துக்குப் பக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்பில், சி பிளாக், நாலாவது மாடி, எட்டாம் நம்பர் வீடு கன்னியம்மாவுடையது. இதில் அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றரை மணி வரை யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை.

பதினொன்றரைக்குக் குடியிருப்புச் சரிபார்ப்பு அலுவலர் எபினேசர் வந்தார். வீடு யாருக்கு ஒதுக்கப்பட்டதோ அவரேதான் அதில் வசிக்கிறாரா என்று கண்டுபிடிப்பது அவர் வேலை. அதற்காக எல்லாரும் வேலைக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து வருவது அவர் அலுவலக வழக்கம்.

கன்னியம்மா மீன் மார்க்கெட்டில் இறால் உரித்துக்கொண்டிருந்தாள். புருஷன் வேலப்பன் துறைமுகத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். மகள் செங்கொடி, பிளஸ் ஒன்னோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டவள், செல்போன் கடையில் கண்ணாடி ஒட்டிக்கொண்டிருந்தாள். பூட்டிய வீட்டுக்குள் இருந்தது பொறை மட்டும்தான். டீக்கடையில் வேலப்பன் போட்ட ஒரு பொறை ரொட்டியைத் தின்றுவிட்டு, அவர் பின்னாலேயே நாலு மாடி ஏறி வந்த தெருநாய். அதனால் அதுவே பேர்.

எபினேசர் கதவைத் தட்டினார். பொறை குரைத்தது. எழுதிக்கொண்டார். அடுத்த செவ்வாயும் தட்டினார், குரைத்தது, எழுதிக்கொண்டார். மூன்றாவது செவ்வாய், எதிர்வீட்டு பிலோமியிடம் உள்ளே இருப்பவர் பேரைக் கேட்டு, சாட்சிக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு போனார்.

பத்தாவது நாள் கடிதம் வந்தது.

"திரு. பொறை அவர்களுக்கு. தொடர்ந்து மூன்று ஆய்வுகளிலும் தாங்கள் மட்டுமே மேற்படி வீட்டில் வசிப்பது ஐயத்திற்கிடமின்றி உறுதிசெய்யப்பட்டதால், ஒதுக்கீடு தங்கள் பெயருக்கு மாற்றப்படுகிறது. அனுமதியின்றித் தங்கியுள்ள மூன்று நபர்களையும் பதினைந்து நாட்களுக்குள் வெளியேற்றுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள்."

கன்னியம்மா அழுதாள். வேலப்பன் பொறையைப் பார்த்தார். பொறை வாலை ஆட்டியது. வெளியேற்றும் எண்ணம் இருப்பதாகத் தெரியவில்லை. ஆனாலும் கடிதம் கடிதம்தான். செங்கொடிக்கு அழ நேரமில்லை. பொறையைத் தூக்கி ஷேர் ஆட்டோவில் போட்டுக்கொண்டு திருவொற்றியூரில் இருந்த அலுவலகத்துக்குப் போனாள்.

"சார், இது நாய்."

"எனக்குத் தெரியும்மா," என்றார் எபினேசர். அவர் கோபக்காரர் இல்லை, அதுதான் பேஜாரு. "ஃபாரத்துல அதுக்குக் கட்டம் கிடையாது. இருக்காரு, இல்ல. ரெண்டே கட்டம்."

"நாங்க பத்து வருசமா அங்கதான் கீறோம் சார்."

"நான் மூணு தடவ வந்தேன். நீங்க யாரும் இல்ல. இவரு மூணு தடவையும் இருந்தாரு. நியாயமா யாருக்குக் குடுக்கணும், நீயே சொல்லு."

செங்கொடிக்குக் கடித்துவிடலாம் போல இருந்தது. பொறை சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. அப்போ நாங்க எங்கே போறது என்று அவள் கேட்டதும், எபினேசர் இரக்கப்பட்டு விதிப் புத்தகத்தைப் புரட்டினார். பதினான்காம் விதி: அண்டை வீட்டாருக்குத் தொந்தரவு தராத உயிர்ப்பிராணிகளை ஒதுக்கீடுதாரர் வளர்க்கலாம். ஒரு ஜோடி, அவற்றின் குட்டி ஒன்று. தடுப்பூசி கட்டாயம்.

"ஊசி போட்டிருக்கீங்களா?"

"கொரோனாவுக்கு ஆளுக்கு ரெண்டு போட்டோம்."

"அந்த சர்டிபிகேட் போதும். அப்பாவுக்குக் கழுத்துல பட்டை?"

"ஹார்பர் பாஸை மாட்டிக்கினுதான் போறாரு."

"ரொம்ப நல்லது. நீ குட்டின்னு வர்ற. வயசு?"

"பதினேழு."

"பெரிய குட்டிதான். பரவால்ல."

பொறையின் முன்னங்காலை ஸ்டாம்ப் பேடில் அழுத்தி விண்ணப்பத்தில் ஒற்றினார்கள். அன்று முதல் மூவரும் பொறையின் வளர்ப்புப் பிராணிகளாக, முறைப்படி, அந்த வீட்டில் வாழ்ந்தார்கள்.

இதில் ஒரு நல்லதும் நடந்தது. திறப்பு விழா அன்றோடு நின்றுபோன லிஃப்டுக்காக ஜனங்கள் ஐம்பது மனு கொடுத்திருந்தார்கள். ஐம்பத்தோராவதைச் செங்கொடி பொறையின் காலை ஒற்றி அனுப்பினாள். ஒதுக்கீடுதாரருக்கு நாலு கால், நாலு மாடி, ஆகவே பதினாறு கால்வலி என்று கணக்கும் போட்டிருந்தாள். மூன்றாம் நாள் லிஃப்ட் ஓடியது.

அவ்வளவுதான். நாய் இல்லாத வீடும் ஒரு வீடா என்று பிளாக்கே கிளம்பிவிட்டது. மீன்பிடித் துறைமுகத்தில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்த நாய்களையெல்லாம் பிடித்து வந்து ஷாம்பூ போட்டார்கள். பிலோமி தன்னுடையதற்கு டெய்சி என்று பேர் வைத்து, வாசலில் பலகையும் மாட்டினாள். மேடம் தூங்குறாங்க என்று அவள் சொன்னால் பால்காரர்கூடக் குரலைத் தாழ்த்தினார். ஒரே மாதத்தில் சி பிளாக்கில் மனுஷர் பேரில் வீடே இல்லை.

கெடுதலும் அதே லிஃப்டில்தான் வந்தது. நாய்கள் அதில் ஏறிக் கீழே போகக் கற்றுக்கொண்டன.

அடுத்த ஆய்வுச் செவ்வாயன்று, எதற்கும் இருக்கட்டும் என்று பிளாக்கே லீவு போட்டிருந்தது. பதினொன்றேகாலுக்குச் செங்கொடி பார்த்தால் பொறையைக் காணோம். ஒதுக்கீடுதாரர் இல்லாத வீட்டைப் பூட்டி சீல் வைப்பார்கள், அதுவும் விதி. லிஃப்ட் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அவள் ஓடிப்போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். எபினேசர் தட்டினார். செங்கொடி கண்ணை மூடிக்கொண்டு குரைத்தாள்.

வெளியே பேனா கிறுக்கும் சத்தம் கேட்டது.

"கதவைத் தொறம்மா செங்கொடி. இருக்காருன்னு போட்டுட்டேன். கீழ மீன் வண்டிகிட்ட உங்க ஓனரைப் பாத்துட்டுதான் வர்றேன்."

திறந்தாள். எபினேசர் கர்சீப்பால் முகத்தைத் துடைத்தார். எண்ணூரில் அவருடைய குவார்ட்டர்ஸிலும் இதே ஆய்வாம், இதே பதினொன்றரையாம். அந்த நேரத்தில் அவர் ஊரார் கதவைத் தட்டிக்கொண்டிருப்பார், மனைவி மகிமா ஸ்கூலில் பாடம் நடத்திக்கொண்டிருப்பார். இரண்டு தடவை 'இல்லை' விழுந்தாகிவிட்டது, அங்கே மூன்றாவதோடு வீடு போய்விடும். மகிமாவுக்கு நாய் ஆகாது. அவர் செல்போனை நீட்டினார்.

"இன்னொரு தடவ குரைம்மா. பதிவு பண்ணி ஜன்னல்ல வச்சிட்டு வந்துடுறேன்."

"குரைக்கிறேன் சார். மொதல்ல வூட்ட எங்கம்மா பேருக்கு மாத்திக் குடுங்க."

எபினேசர் நிஜமாகவே வருத்தப்பட்டார். "அதெப்படிம்மா? வளர்ப்புப் பிராணி பேர்ல வீடு எழுத விதி இல்லியே."

செங்கொடி குரைத்தாள். இந்தத் தடவை நடிக்க வேண்டியிருக்கவில்லை.

தெளிவா விழுந்திருக்கு என்று அவர் பூரித்துப்போனார். அதற்குள் பிலோமியின் கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரைப்பு கிளம்பியது. பக்கத்து வீட்டில் இன்னொன்று. அப்புறம் கதவு கதவாக, மாடி மாடியாக, சி பிளாக் முழுக்க. எபினேசர் பேனாவை எடுத்து, இருக்காரு, இருக்காரு என்று வரிசையாக டிக் போட்டுக்கொண்டே போனார்.

கீழே மீன் வண்டியைச் சுற்றி நின்றிருந்த ஒதுக்கீடுதாரர்கள் ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு, மறுபடி மீன் தலையைக் கடிக்க ஆரம்பித்தார்கள்.