வயிற்றை இருட்டாக்கும் வேலை

திரையில் அந்த ஆளின் வயிறு திருவிழாப் பந்தல் மாதிரி வெளிச்சமாக எரிந்தது. அதற்குப் பின்னால் எங்கேயோ பித்தக்குழாய் இருந்தது. தெரியவில்லை.

"என்னத்தைக் குடிக்கக் குடுத்தே?" என்றாள் நர்ஸ் சாகோர்கா.

"புளூபெர்ரி ஜூஸ்தான். கேன்டீன்ல வாங்கினது," என்றான் மிலோயே. அந்த மாவட்ட ஆஸ்பத்திரியின் எம்ஆர்ஐ அறை அவன் பொறுப்பு.

சாகோர்கா காலி டப்பாவைத் திருப்பிப் படித்தாள். "இதுல ஆப்பிளும் சர்க்கரைத் தண்ணியும் இருக்கு. புளூபெர்ரி அட்டைப் படத்துல மட்டும்தான் இருக்கு."

கல்லீரலைப் படம் எடுப்பதென்றால் ஊசியில் ஏற்ற மருந்து உண்டு. பித்தக்குழாய்க்கு அது வேண்டியதில்லை. வயிற்றை அடக்கினால் போதும். இந்தப் படத்தில் தண்ணீரெல்லாம் வெள்ளையாகப் பளிச்சிடும். குழாயில் ஓடும் பித்தமும் வெள்ளை, வயிற்றில் கிடப்பதும் வெள்ளை. புளூபெர்ரிச் சாற்றில் மாங்கனீசு இருக்கிறது. குடித்தால் படத்தில் வயிறு கறுத்துவிடும், குழாய் தனியாகத் தெரியும். இதற்கென்றே கம்பெனி மருந்தும் விற்கிறது, இந்த ஊருக்கு அது வருவதில்லை. எனவே ஃப்ரிட்ஜில் எப்போதும் ஒரு பாட்டில் அசல் சாறு வைத்திருப்பார்கள். நேற்று யாருடைய பிறந்தநாளுக்கோ அதை அப்பத்தின் மேல் ஊற்றித் தின்று தீர்த்துவிட்டார்கள். மிலோயேவும் தின்றான்.

போன் அடித்தது. அறுவைச் சிகிச்சை டாக்டர் ஒப்ராத்.

"கல்லு இருக்கா, இல்லையா?"

"வயிறு மறைக்குது டாக்டர்."

"இன்னிக்குள்ள படம் வரணும். வரலேன்னா நாளைக்கு நானே திறந்து பாத்துக்கறேன்."

மேஜையில் படுத்திருந்த ராதென்கோ எழுந்து உட்கார்ந்துவிட்டார். காலையில் "கவ்ரிலோவிச்!" என்று குடும்பப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதும் முந்திக்கொண்டு உள்ளே வந்தவர். வெறும் வயிறா என்று கேட்டதற்கு, "கொஞ்சம் சீஸ் பணியாரம் மட்டும்" என்று சொன்னவர். சொன்னதைக் கேட்கிற நோயாளியை மிலோயே இதுவரை பார்த்ததில்லை. ஆகவே அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"நாளைக்கே அறுக்கறதா? ஞாயித்துக்கிழமை எங்க குடும்பப் புனிதரோட திருநாள்! வீட்டுத் தலைவன் இங்க கிடந்தா அங்க திருநாள் ரொட்டியை யாருப்பா வெட்டறது? தம்பி, நீ எதைக் குடுத்தாலும் நான் குடிக்கறேன். கத்தி மட்டும் வேண்டாம்."

கதவோரம் இரண்டு கோட்டுகளையும் கையில் போட்டுக்கொண்டு அவருடைய அண்ணன் திஹோமிர் நின்றிருந்தார். "கார்ல எங்க வீட்டுப் புளூபெர்ரி இருக்கே," என்றார். "டாக்டருக்குன்னு கொண்டாந்தது."

அந்த ஊரில் ஆஸ்பத்திரிக்கு யாரும் வெறுங்கையோடு வருவதில்லை. சோடா பாட்டிலில் ஊற்றிய கருநீலச் சரக்கு வந்து சேர்ந்தது. மிலோயே ஒரு பெரிய டம்ளர் ஊற்றிக் கொடுத்தான். ராதென்கோ ஒரே மூச்சில் குடித்துவிட்டு டம்ளரை நீட்டினார். இன்னொன்றும் ஊற்றினான்.

"எப்படி இருக்கு?"

"அண்ணன் கைப்பக்குவம். குறை சொல்ல முடியுமா?"

அவரை உள்ளே தள்ளிவிட்டு மிலோயே மைக்கைப் பிடித்தான். "மூச்சை இழுங்க... விடுங்க... அப்படியே நிறுத்துங்க."

உள்ளேயிருந்து கல்யாணப் பாட்டு ஒன்று கிளம்பியது.

"அண்ணே, பாடாதீங்க!"

"மெஷின் தாளம் போடுதேப்பா, சும்மா இருக்க முடியுமா?"

ஓடுகிற பஸ்ஸிலிருந்து எடுத்தது போலப் படம் கலங்கி வந்தது. சாகோர்கா பாட்டிலை முகர்ந்து பார்த்தாள். "இது ஜூஸ் இல்ல. ராக்கியா, பழச் சாராயம். பத்த வச்சா எரியும்."

திஹோமிருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஜூஸுன்னு நான் சொன்னேனா? டாக்டருக்கு எவனாவது ஜூஸ் கொண்டாருவானா? எங்களை என்னன்னு நினைச்சீங்க?"

போதை தெளிய சாகோர்கா கெட்டியான காபி போட்டுக் கொடுத்தாள். ஆள் தெளிந்தார், குடல் விழித்துக்கொண்டது. ராதென்கோ கழிப்பறைக்கும் மேஜைக்குமாக நடந்தார். அடுத்த படத்தில் ஆளோடு சேர்ந்து குடலும் ஆடியது. வயிறு முன்னைவிட வெளிச்சமாக இருந்தது.

மறுபடியும் போன். "ஆபரேஷன் தியேட்டருக்குச் சொல்லிட்டேன்," என்றார் ஒப்ராத்.

"பொறுங்க," என்று சொல்லிவிட்டுத் திஹோமிர் சந்தைக்கு ஓடினார். ஒரு வாளி நிறையப் பழத்தோடு திரும்பி வந்தபோது சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நிற்க முடிந்தது. அந்த நடைபாதையின் பழைய விளக்கில் எல்லாருமே மஞ்சளாகத்தான் தெரிவார்கள். அவர் கூடுதலாகத் தெரிந்தார்.

"உக்காருங்கண்ணே. உங்களுக்கு என்ன ஆச்சு?" என்றான் மிலோயே.

"என்னை விடுங்க. முதல்ல இவனை முடிங்க."

கட்டுப்போடும் துணியில் பழத்தைக் கட்டி மிலோயேவும் சாகோர்காவும் பிழிந்தார்கள். கை, கோட்டு, போன், கதவுப்பிடி எல்லாம் நீலமாயின. வாளி காலியாகும்வரை ராதென்கோ குடித்தார்.

"இன்னொரு டம்ளர்."

"தம்பி, தொண்டை வரைக்கும் வந்தாச்சு. இனி காதுலதான் ஊத்தணும்."

"கத்தியா, டம்ளரா?"

"டம்ளர்."

குடல் அடங்க ஓர் ஊசி போட்டு, அது வேலை செய்யும்வரை காத்திருந்து, மறுபடியும் உள்ளே தள்ளினார்கள். மூச்சை நிறுத்தச் சொன்னபோது நிறுத்தினார்.

வயிறு கரியாக இருட்டிப்போயிருந்தது. அந்த இருட்டில் பித்தக்குழாய் மட்டும் வெள்ளை நூலாக, வளைந்து, சுத்தமாக, கடைசிவரை தெரிந்தது. மிலோயேவின் வேலைக்காலத்தில் இவ்வளவு நல்ல படம் வந்ததில்லை.

ஒப்ராத் தானே இறங்கி வந்தார். திரையை மூக்கு இடிக்கும் தூரத்தில் நின்று பார்த்தார்.

"கல்லே இல்ல. தானா இறங்கிப் போயிருக்கும். அப்படிப் போறதும் உண்டுதான்." நீலமான மிலோயேவின் கையைப் பிடித்து, முதல்முறையாகக் குலுக்கினார். பிறகு ராதென்கோவைப் பார்த்தார். "கத்தியும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஞாயித்துக்கிழமை வீட்டுல இருக்கலாம், போ."

ராதென்கோ நீலப் பற்களைக் காட்டிச் சிரித்தார். திஹோமிர் தம்பியைக் கட்டிப்பிடித்துக் கன்னத்தில் மூன்று முத்தம் கொடுத்தார். பிறகு கோட்டுகளை நாற்காலியில் போட்டுவிட்டுச் சட்டைப் பொத்தானைக் கழற்ற ஆரம்பித்தார்.

"அப்ப சரி டாக்டர், இனி என்னைப் படுக்க வைங்க. கல்லு எனக்குத்தான், அந்தக் குகைக்குள்ள போகப் பயமா இருக்குன்னேன், அதான் தம்பி முதல்ல போய்ப் பாத்துட்டு வரேன்னான்."