மாமாவின் ஆல்பத்துக்கு மாப்பிள்ளை எழுதிய விமர்சனம்

மரியாதைக்குரிய மாமா அவர்களுக்கு, மாப்பிள்ளை தலைகுனிந்து எழுதிக்கொள்வது.

இங்கே நான் நலம் என்று எழுதக் கை வரவில்லை. அங்கே தாங்கள் நலமா என்று கேட்க வாய் வரவில்லை. கேட்கிற யோக்கியதையைத்தான் வெள்ளிக்கிழமைப் பேப்பரில் தொலைத்துவிட்டேனே.

நடந்தது இதுதான். பத்திரிகையில் நான் பதினெட்டு வருஷமாக வானிலை எழுதுகிறவன். புது ஆல்பங்களைப் பற்றி எழுதுகிற இசை விமர்சகருக்குப் போன வாரம் காதில் சீழ் வைத்துவிட்டது. ஆசிரியர் அம்மா நேராக என் மேஜைக்கு வந்து, "ஒன்பது ஆல்பம். ராக், ஃபோக், கன்ட்ரி, ஜாஸ், இன்னும் என்னென்னவோ இருக்கு. வெள்ளிக்கிழமைக்குள்ள எழுதிடுங்க" என்றார். "மேடம், எனக்கு இதுல ஒண்ணும் தெரியாதே" என்றேன். "மழை மட்டும் தெரிஞ்சா எழுதுறீங்க?" என்றார். ஒன்பதையும் வாங்கி வைத்துக்கொண்டேன் மாமா.

கைவசம் ஒன்றரை நாள். பக்கத்து மேஜை விளையாட்டுப் பகுதிக்காரர், "வேகத்தைக் கூட்டி வச்சுக் கேளுங்க சார், எல்லாம் அதே பாட்டுதான்" என்று வழி காட்டினார். அப்படியே வேகத்தைக் கூட்டி, வீட்டிலும் ஆபீஸிலும் ஹெட்போனைக் கழற்றாமல் கேட்டேன். ராக் ஆல்பத்துக்கு "இடியுடன் கூடிய கனமழை, தாழ்வான பகுதிகளில் இருப்பவர்கள் கவனம்" என்று எழுதினேன். கன்ட்ரியில் ஒருத்தர் பெண்டாட்டி போயிட்டா, லாரியும் போயிடுச்சுன்னு பாடினார். "தெளிந்த வானம், ஆங்காங்கே கண்ணீர்"னு போட்டேன். எலக்ட்ரானிக் ஆல்பம் ஒண்ணு ஒரே சீரா, ஆழமா ரீங்காரம் பண்ணிச்சு. நாலு நட்சத்திரம் கொடுத்துட்டுப் பார்க்கிறேன், ஹெட்போன் பின்னைச் சொருகவே இல்லை. அவ்வளவு நேரம் கேட்டது ஆபீஸ் ஏசி. மாத்த நேரமில்லை, அப்படியே விட்டுட்டேன்.

கடைசியாக வந்தது ஃபோக். ஒரு கிட்டார், ஒரு வயசான குரல். அட்டையில் பேர் கிடையாது, சாய்ந்த நாற்காலி படம் மட்டும். நான் எழுதியதைத் தாங்களும் படித்திருப்பீர்கள்: "பாடகர் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற அவசரத்தில் பாடுகிறார். இவர் வீட்டில் காது கேட்கிற ஆள் ஒருத்தர் இருந்திருந்தால் இந்த ஆல்பம் வந்தே இருக்காது."

வெள்ளிக்கிழமை காலையில் தங்கள் மகள் பேப்பரைப் படித்தாள். மடித்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. சாயங்காலமும் பேசவில்லை. அத்தை போன் பண்ணி, "அவ எப்படி இருக்கா?"ன்னு மட்டும் கேட்டாங்க. "இன்னும் பேசலை அத்தை"ன்னேன். "ரெண்டு மூணு நாள் அப்படித்தான் இருக்கும், தொந்தரவு பண்ணாதீங்க"ன்னு வச்சுட்டாங்க. சனிக்கிழமை மச்சினன் வேற கூப்பிட்டு, "அத்தான், அப்பா ஆல்பம் போடுறார் தெரியுமில்ல? பேர் போட மாட்டாராம். நியாயமான விமர்சனம் வரணுமாம்"ன்னான்.

அப்பதான் மாமா, அந்தச் சாய்ந்த நாற்காலி என்ன நாற்காலின்னு உறைச்சது. தாங்கள் பாடிக்கிட்டே பல் பிடுங்கின டாக்டர்னு ஊருக்கே தெரியும். வாயைத் திறந்து வச்சிருந்தவங்க யாரும் ஆட்சேபம் சொல்ல முடியலைன்னும் தெரியும். ரெண்டாவது பாட்டே "திற, இன்னும் கொஞ்சம் திற"ன்னுதான் வருது. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?

ஞாயிற்றுக்கிழமை காருக்குள்ள உட்கார்ந்து, கண்ணாடியை ஏத்திவிட்டு, சரியான வேகத்துல முழுசாக் கேட்டேன். நாலாவது பாட்டுல, கல்யாணமாகிப் போன பொண்ணு குடையை மறந்துட்டுப் போயிடறா. மழை வர்ற அன்னிக்கெல்லாம் அப்பா அதை எடுத்துக்கிட்டு பஸ் ஸ்டாப்புக்குப் போய் நின்னுட்டு, விரிக்காமலே திரும்பி வர்றார். பதினெட்டு வருஷமா மழை மழைன்னு எழுதியிருக்கேன் மாமா, அதுல ஒருத்தர் நனைவாரேன்னு ஒரு நாள் நினைச்சதில்லை. அந்தப் பொண்ணைக் கூட்டிக்கிட்டு வந்தவனே நான்தானேன்னு நினைச்சதும் கண்ணு கலங்கி, வைப்பர் போட்டுப் பார்த்தேன். வெளியே மழையே இல்லை.

ஆகவே, வேகத்தைக் கூட்டிக் கேட்டதை ஒத்துக்கொண்டு, ஐந்து நட்சத்திரத்தோடு திருத்தம் எழுதி ஆசிரியர் அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். திட்டினார், ஆனால் போடுகிறார். என்னைத் தாங்கள் மன்னிக்க வேண்டும். அதோடு தங்கள் மகளிடம் என்னோடு பேசச் சொல்லவும் வேண்டும். வீடு ரொம்பப் பெரிதாகத் தெரிகிறது.

அத்தைக்கு என் வணக்கம். மச்சினனுக்கு அன்பு. தங்கள் ஆசி இன்னும் செல்லும் என்று நம்புகிற,
மாப்பிள்ளை.

பின்குறிப்பு: கவரை ஒட்டும் முன் தங்கள் மகள் கடிதத்தைப் பிடுங்கிப் படித்துவிட்டு, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வியாழக்கிழமை அவளுக்குக் கடைவாய்ப் பல்லை எடுத்தார்களாம். என்னிடம் சொன்னாளாம், நானும் ஹெட்போனோடு தலையாட்டினேனாம். அந்த ஆல்பம் தங்களுடையதே இல்லையாம். தங்களுடையது இந்த வாரம்தான் வருகிறதாம், அதுவும் ராக்காம்! ஆகவே மேலே கேட்ட மன்னிப்பை ரத்து செய்துவிடவும். குடைக்கார அப்பா யாரென்று தெரிந்தால் அவருக்கு அனுப்பிக்கொள்கிறேன். விமர்சகர் காது இன்னும் ஆறவில்லை. அதனால் தங்கள் ஆல்பமும் என் மேஜைக்கே வந்து, இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது. முதல் பாட்டு நடுவில் கொய்ங்கென்று ஒன்று வருகிறதே, அது கிட்டாரா, பல் துளைக்கிற மிஷினா? அதை மட்டும் சொல்லிவிடுங்கள் மாமா, மிச்சத்தை நான் புகழ்ந்துவிடுகிறேன்.