என் தாத்தா ஆட்டோவில் வந்த நாள்

தேதிகளை நம்புகிறவன் எதற்கும் பயப்பட வேண்டியதில்லை என்று நாற்பத்தாறு வயது வரை நினைத்துக்கொண்டிருந்தேன். (இப்போது நாற்பத்தொன்பது. பயம் தொடங்கி மூன்று வருடம், இரண்டு மாதம் ஆகிறது.)

ராஜபாளையத்தில் பத்திரம் எழுதிப் பிழைக்கிறேன். ஒரு சென்ட் இடம் கைமாறினாலும் மூலப்பத்திரம் எது, வில்லங்கம் உண்டா என்று தோண்டிப் பார்க்காமல் பேனாவைத் திறக்க மாட்டேன். வீட்டிலும் அப்படித்தான். யாருக்கு எப்போது அம்மை போட்டது, கொல்லை முருங்கை எந்தக் கிழமை சாய்ந்தது என்பதெல்லாம் என் நோட்டில் இருக்கும். மனைவி கல்யாண நாளை மறந்துவிட்டாள் என்று கணவன் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் படுத்த வீடு, எனக்குத் தெரிந்து, எங்கள் வீடு ஒன்றுதான்.

இப்படிப்பட்டவன் கையில் நல்ல கேமரா உள்ள போன் கிடைத்தால் என்ன ஆகும்? ஆவணப்படம் எடுக்கத் தொடங்கினேன். பொருள்: எங்கள் குடும்பம். நோக்கம்: உண்மை. தாத்தாவின் திதியன்று சொந்தக்காரர்கள் கூடும்போது சாப்பாட்டுக்குப் பிறகு டிவியில் போட்டுக்காட்டி எல்லோரையும் அழவைப்பதாகத் திட்டம்.

தாத்தா என்றால் அப்பாவைப் பெற்றவர். அப்பாவுக்கு நாலு வயதாக இருக்கும்போது காய்ச்சலில் போய்விட்டார். எங்களுக்குத் தெரிந்த தாத்தா சாமி அறையில் தொங்கும் படம்தான். முப்பது சொச்சம் வயது, வெள்ளைச் சட்டை, இடது வகிடு, உதட்டோரம் ஒரு சிரிப்பு. பழைய படங்களில் எல்லோரும் கேமராக்காரர் கடன்காரர் என்பதுபோல முறைப்பார்கள். இவர் மட்டும் சிரிப்பார். மில்லில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்ற என் அப்பா, குளித்ததும் அந்தப் படத்தின் முன் நின்று ஏதாவது முணுமுணுக்காமல் காப்பி குடிக்க மாட்டார். நெஞ்சில் ஸ்டென்ட் வைக்க மதுரைக்குக் கிளம்பிய அன்றுகூடக் காரைக் காக்க வைத்துவிட்டு, “அய்யாட்ட சொல்லிட்டு வாரேன்” என்று உள்ளே போனார்.

திதிக்கு மூன்று நாள் முன்னால், புதன்கிழமை, அப்பா வெளியே போயிருந்த நேரம் பார்த்து, படத்தைப் பளிச்சென்று படம்பிடிப்பதற்காகச் சட்டத்தைக் கழற்றினேன். பின்னால் ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடிப் பக்கத்து ஸ்டுடியோ ஒன்றின் முத்திரை. அதில் ஒரு தேதி. என் கண் தானாக அங்கே போனது. தாத்தா இறந்து இருபது வருடம் கழித்து எடுத்த படம் அது.

நியாயமாக அங்கேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். அகம்பாவம் விடவில்லை. ‘பழைய படத்தைப் பிற்பாடு பிரதி எடுத்திருக்கிறார்கள்’ என்று நோட்டில் எழுதிக்கொண்டேன். முத்திரைக்குக் கீழே பென்சிலில் ‘வேலுச்சாமி, தளவாய்புரம்’ என்று இருந்தது. ‘தாத்தாவின் நண்பர். பிரதி எடுக்கக் கொண்டுபோனவர். வாரிசுகளைப் பேட்டி காண வேண்டும்’ என்று அதையும் எழுதினேன்.

வெள்ளிக்கிழமை, காலை பத்தே முக்கால். தளவாய்புரத்தில் விசாரித்ததில் நைட்டி தைக்கும் ஒரு வீட்டைக் காட்டினார்கள். வாசலில் ஸ்டாண்டை நிறுத்தி, போனை மாட்டி, பதிவுப் பொத்தானை அமுக்கி, தொண்டையைச் செருமிக்கொண்டேன். “உண்மையைத் தேடி இதோ என் தாத்தாவின் நண்பர் வீட்டு வாசலில் நிற்கிறேன்...”

கதவு திறந்தது.

“யாரு வேணும்?” என்றார் என் தாத்தா.

முடி நரைத்திருந்தது, பல் இரண்டு குறைந்திருந்தது. மற்றபடி அதே வகிடு, அதே உதட்டோரச் சிரிப்பு. நான் கத்தினேன் என்று எழுதினால் அது எனக்கு நானே செய்துகொள்ளும் மரியாதை. பதிவில் கேட்டுப் பார்த்தால், மில் சங்கு ஊதி நடுவில் பழுதானது போன்ற சத்தம். பின்னால் நகர்ந்து, கட்டி வைத்திருந்த நைட்டிக் குவியலில் மல்லாந்து விழுந்து, அங்கிருந்தபடியே கும்பிட்டேன்.

“தாத்தா! திதியெல்லாம் ஒரு வருசம்கூட விடலை தாத்தா! நாளைக்குக்கூட இருக்கு!”

“யாருக்குலே திதி?” என்றவர், உள்ளே திரும்பி, “ஏட்டி, செத்த தண்ணி கொண்டா. கரண்டு அடிச்ச மாதிரி கெடக்கான்” என்றார்.

தண்ணீர் குடித்த பிறகுதான் அவர் கால் தரையில் படுகிறதா என்று பார்க்கத் தோன்றியது. பட்டது. ரப்பர் செருப்பு. போனில் இருந்த படத்தைக் காட்டினேன். மாலை, சந்தனப் பொட்டு, சிவப்பு பல்பு எல்லாம் சேர்ந்த படம்.

அவர்தான் வேலுச்சாமியாம். போனை வாங்கி வெகுநேரம் உற்றுப் பார்த்தார். “இது நானுல்லா! ஏலே, உசுரோட இருக்கவனுக்கு எம்புட்டு நாளாலே மாலை போடுதீக?”

“ஐம்பது வருசமா...”

“நெனச்சேன். எதத் தொட்டாலும் வெளங்காமப் போகுதேன்னு.”

விஷயம் இதுதான். பெண் வீட்டுக்கு அனுப்புவதற்காக முப்பத்திரண்டாவது வயதில் அவர் எடுத்துக்கொண்ட படம் அது. ஒரு பிரதி பெண் வீட்டுக்குப் போனது. சம்பந்தம் கூடவில்லை. ரோஷத்தில் இன்னொரு பிரதியை வாங்கவே போகவில்லை. அந்தக் காலத்தில் படம் எடுக்காமலே இறந்தவர்கள் எங்கள் பக்கத்தில் ஏராளம். பிள்ளைகள் பிற்பாடு ஸ்டுடியோவுக்குப் போய் சாடையைச் சொல்வார்கள். வாங்காமல் கிடக்கும் படங்களில் ஒத்துப்போகிற ஒன்றைச் சட்டம் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். எங்கள் குடும்பத்துக்கு அது காலமாகிப்போன என் பெரியப்பாவின் வேலையாகத்தான் இருக்கும் என்று கணக்குப் போட்டேன். வேலுச்சாமிக்கு எண்பத்திரண்டு. அப்பாவுக்கு எழுபத்துநாலு. ஆக, என் தாத்தா என் அப்பாவைவிட எட்டே வயது மூத்தவர்.

சிரிப்பு வரவில்லை. அப்பாவுக்கு இருந்த ஒரே அப்பா அந்தப் படம்தான். ஸ்டென்ட் வைத்து நாற்பது நாள் ஆகவில்லை. அதிர்ச்சி கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். “அய்யா, உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன், எங்க வீட்டுப் பக்கம் வந்துராதீங்க” என்றேன்.

“நான் ஏம்லே வாரேன்?” என்றவர், சற்று யோசித்து, “ஆமா, நாளைக்கு எனக்கு என்ன சமையல்?” என்றார்.

போனைப் பிடுங்கிக்கொண்டு வண்டியை எடுத்தேன். ராஜபாளையம் வந்து சேரும்வரை, பின் சீட்டில் யாரோ உட்கார்ந்திருப்பது போலவே இருந்தது. வீட்டுக்கு வந்ததும் தளவாய்புரம் பகுதியைப் படத்திலிருந்து வெட்டினேன். ‘நோக்கம்: உண்மை’ என்ற எழுத்தையும் வெட்டினேன். அப்போதுதான் நினைவு வந்தது, ஸ்டாண்டை அங்கேயே விட்டுவிட்டேன். போதாததற்கு, நைட்டிக் குவியலிலிருந்து எழுந்ததும், தொழில் பழக்கத்தில், முகவரி அச்சிட்ட அட்டையை அவர் கையில் கொடுத்திருந்தேன்.

சனிக்கிழமை காலையிலிருந்து தெருவில் ஒவ்வொரு ஆட்டோ சத்தத்துக்கும் எட்டிப் பார்த்தேன். சட்டைப்பையில் அப்பாவின் நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையை வைத்துக்கொண்டு, வாசலுக்கும் சாமி அறைக்கும் நடந்தேன். “என்ன, வயித்தால போகுதா?” என்றாள் மனைவி. ஆமாம் என்றேன்.

பன்னிரண்டே கால். படத்தின் முன் இலை போட்டாயிற்று. அப்பா கற்பூரத் தட்டை எடுத்தார். ஒரு ஆட்டோ வந்தது. நின்றது.

வெள்ளைச் சட்டை, இடது வகிடு, கையில் என் ஸ்டாண்டு. “இத விட்டுட்டுப் போயிட்டியேப்பா” என்றபடி உள்ளே வந்தார் என் தாத்தா.

சித்தி ஒருத்தி படத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், சத்தமில்லாமல் சுவரோரம் சரிந்தாள். சித்தப்பா பந்தியில் முதல் ஆளாக உட்கார்ந்திருந்தவர், இலையோடு எழுந்து நின்றார். நான் மாத்திரையோடு அப்பாவிடம் ஓடினேன். ஓடிய வேகத்தில் மாத்திரை சாம்பாரில் விழுந்தது.

அப்பா தட்டைக் கீழே வைத்தார். வந்தவரை ஏற இறங்கப் பார்த்தார்.

“வாங்க” என்றார். “அம்பது வருசமா பயந்துக்கிட்டே இருந்தேன், நீங்க என்னைக்காச்சும் வந்து நிப்பீகன்னு. பஸ்ஸுல ஏறுனாக்கூட மொதல்ல எல்லார் மூஞ்சியையும் பாத்துட்டுத்தான் உக்காருவேன்.”

“அப்பா, உங்களுக்குத் தெரியுமா?” என்று நான் கேட்டது எனக்கே கேட்கவில்லை.

“எனக்குத் தெரியாமலா? எடுத்துட்டு வந்ததே நாந்தாம்லே.”

அப்பாவின் கல்யாணத்துக்கு முந்தின வாரம், ஆசீர்வாதத்துக்கு அய்யா படம் வேண்டும் என்று பெரியப்பாவும் அவரும் ஸ்ரீவில்லிபுத்தூர் போயிருக்கிறார்கள். பெரியப்பாவுக்கு அய்யாவின் முகம் மங்கலாகத்தான் ஞாபகம். அப்பாவுக்கு அதுவும் இல்லை. ஸ்டுடியோக்காரர் ஒரு பெட்டி நிறையப் படங்களைக் கவிழ்த்து, பாத்து எடுத்துக்கோங்க என்றிருக்கிறார். ‘நீயே எடுலே’ என்றிருக்கிறார் பெரியப்பா.

“அம்புட்டுப் படத்துல என்னைய எதுக்குப்பா எடுத்த?” என்றார் வேலுச்சாமி.

“மத்தவுக எல்லாம் மொறச்சாக. நீங்கதான், வீட்டுக்குள்ள வார பிள்ளையப் பாத்த மாதிரி சிரிச்சீக. எனக்கு ஒரு அய்யா இருந்தா இப்படித்தான் பாப்பாகன்னு தோணுச்சு.”

வேலுச்சாமி ஸ்டாண்டை மடக்கினார், விரித்தார். “பொண்ணு வீட்டுக்காரன் அந்தச் சிரிப்பப் பாத்துத்தான் வேண்டாம்னான். மாப்பிள்ளைக்குப் பொறுப்பு பத்தாதுன்னு சொல்லிட்டான்” என்றார்.

அப்பா படத்தின் முன்னால் இருந்த இலையை இரண்டு கையாலும் எடுத்துவந்து அவர் முன் வைத்தார். என் ஆவணப்படத்தை அன்று யாரும் பார்க்கவில்லை. மனைவி என் போனைத் துழாவி, நான் நைட்டியில் விழும் பதினோரு விநாடியைத் தோண்டியெடுத்து டிவியில் போட்டாள். மயக்கம் தெளிந்த சித்தி இரண்டாம் முறை போடச் சொன்னாள். அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் எந்தக் கல்யாணம், காதுகுத்தானாலும் அதுதான் போடுகிறார்கள்.

படம் இன்னும் அங்கேதான் தொங்குகிறது. மாலையை மட்டும் எடுத்துவிட்டோம். (“கழுத்து அரிக்கி” என்றார் வேலுச்சாமி.) திதி ஒவ்வொரு வருடமும் வேறு தேதியில் வரும் என்பதால், ஒரு வாரம் முன்பே எனக்குப் போன் வந்துவிடும்.

“ஏலே, இந்த வருசம் எனக்கு என்னைக்குச் சாவு? உன் நோட்டுல பாத்துச் சொல்லு.”

பார்த்துச் சொல்வேன். அவருக்கு எண்பத்தைந்தாகிவிட்டது. அன்றைக்குப் பன்னிரண்டு மணியானதும் அப்பா வாசலில் போய் நின்றுகொள்வார். நானும் பக்கத்தில் நிற்பேன். அதே பயம்தான், இப்போது வராமல் போய்விடுவாரோ என்று. ஆட்டோ சத்தம் கேட்கும்வரை எங்கள் வீட்டில் இலை போடுவதில்லை.