குடைக்காரர் சொன்ன ‘பார்க்கலாம்’

எதிர்வரிசையில் இருந்த ஆறு பேரும் ஒரே சமயத்தில் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தபோதுதான், இருநாட்டு வணிகக் கவுன்சில் தலைவருக்கு ஏதோ விபரீதம் என்று உறைத்தது.

தலைவர் குடை வியாபாரி. கிடங்கில் விற்காத குடைகள் கூரையை முட்டிக்கொண்டிருந்தன. அத்தனையையும் எடுத்துக்கொள்கிறோம், சம்மதமா என்று கேட்டார்கள் வெளிநாட்டுக்காரர்கள். ‘சரி’ என்று கத்தத்தான் வாய் துடித்தது. ஆனால் முதல் பேச்சுக்கே தலையாட்டினால் வியாபாரப் பரம்பரைக்கே இழுக்கு. விட்டத்தைப் பார்த்தபடி, “பார்க்கலாம்” என்றார்.

மொழிபெயர்ப்பாளப் பெண் அவர்கள் மொழியில் ஏதோ சொன்னாள். எழுந்துவிட்டார்கள்.

“ஏம்மா, என்னத்தச் சொல்லித் தொலைச்சே?”

“நீங்க சொன்னதுக்கு என்ன அர்த்தமோ, அதைத்தான்.”

“என்ன அர்த்தம்?”

“ஆறு வருஷமா என் வேலையை நிரந்தரமாக்குங்கன்னு கேக்கறேன். பார்க்கலாம், பார்க்கலாம்னுதானே சொல்றீங்க? நீங்களே சொல்லுங்க, என்ன அர்த்தம்?”

தலைவர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். “ஐயோ, கொஞ்சம் டைம் வேணும்னு சொல்லு!”

சொன்னாள். ஒருவர் கோட்டை மாட்டினார். இன்னொருவர் பீரோக் கண்ணாடி முன் நின்று டையை இழுத்துவிட்டுக்கொண்டார். அவமானத்தில் கழுத்து இறுகிவிட்டது போலும்.

“உங்களையெல்லாம் எங்க குடும்பமாத்தான் நினைக்கிறோம்னு சொல்லு, சீக்கிரம்!”

அதையும் சொன்னாள். குழுவுக்குத் தலைமை தாங்கிய நரைமுடி அம்மாள் தலைவரைப் பார்த்து, வாசல் பக்கம் கையை வீசினார். ‘வெளியே வா, பார்த்துக்கறேன்’ என்பதுபோல் இருந்தது. ஆறு பேரும் நடையைக் கட்டினார்கள்.

“குடும்பம்னதும் ஓடறாங்களே!”

“அதையே சொல்லித்தான் என்னை ஞாயித்துக்கிழமையெல்லாம் வரவெச்சீங்க. எனக்கும் ஓடணும்னுதான் தோணுச்சு.”

“உன்னை இந்த நிமிஷமே வேலையைவிட்டுத் தூக்கறேன்!”

“தாராளமா. அவங்ககிட்ட நீங்களே பேசிக்குங்க.”

அவர்கள் மொழியில் தலைவருக்குத் தெரிந்தவை இரண்டே சொற்கள்: நன்றி, கழிப்பறை. இவற்றை வைத்துக்கொண்டு குடை விற்க முடியாது.

அவள் கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேஜைமேல் வைத்தாள். நிரந்தர நியமன உத்தரவு. மடிப்பில் கிழியும் அளவுக்குப் பழசு.

“இப்பக் கேக்கற நேரமா இது?”

“நீங்க நேரம் சொல்லுவீங்கன்னுதான் ஆறு வருஷம் காத்திருந்தேன்.”

தலைவர் பேனாவைத் திறந்தார். பழக்கம் விடவில்லை. “ஒரு வருஷத்துக்கு மட்டும்னு போட்டுக்கலாமா?”

“அவங்க படி இறங்கறாங்க ஐயா.”

கையெழுத்து விழுந்தது. பதற்றத்தில் கவுன்சில் முத்திரை இரண்டு தடவை விழுந்தது. மை காயும்வரை ஊதிவிட்டு, அவள் தாளைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள்.

“இப்பவாவது சமாதானம் பண்ணிக் கூட்டிட்டு வருவியா?”

“பார்க்கலாம்.”

கதவு திறந்தது. கேமராவை மாட்டிக்கொண்டு போட்டோக்காரர் தலையை நீட்டினார்.

“ஐயா, என்ன இன்னும் உள்ளேயே இருக்கீங்க? ‘தலைவர் சம்மதிச்சுட்டார், எல்லாரும் போட்டோவுக்கு வாங்க’ன்னு இந்தம்மா அப்பவே சொன்னாங்களாம், ஆறு பேரும் வாசப்படியில சிரிச்சுக்கிட்டு நிக்கிறாங்க, நடுவுல உங்க எடம் மட்டும்தான் காலி!”