மிளகுக் கொடியில் ஒரு மூளைச் சோதனை

எங்கள் தோட்டத்து மிளகை ஒரே நாளில் மொட்டையடித்தது நான்தான். குரங்கும் இல்லை, மழையும் இல்லை. நான் படித்த விலங்கியல் இரண்டாம் ஆண்டுதான் காரணம்.

2001, மார்கழிக் கடைசி. தையில் அத்தை மகளுக்குக் கல்யாணம். அந்த வேலையாக அப்பா மலையிலிருந்து ராசிபுரம் இறங்கினார். "கொத்துல ஒண்ணு ரெண்டு செவந்திருந்தாத்தான் பறிக்கோணும், கண்ணு. ஒழுங்கா முடிச்சியின்னா இனித் தோட்டம் உம் பொறுப்பு" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார். பட்டத்தைவிட எனக்கு அந்தத் தோட்டம்தான் வேண்டும்.

சும்மா இருந்திருக்கலாம். (படித்த திமிர் விடுமா?) பரிசு வருமா வராதா என்று தெரியாதபோதுதான் மூளையில் டோபமின் பொங்கும், ஆளை ஓடவைப்பது அதுதான் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். ஆகவே பறிக்க வந்தவர்களுக்கு ஒரு விதி வைத்தேன்: கூடை நிரப்பி வருபவர் என் துணிப்பைக்குள் கைவிட வேண்டும். புளியங்கொட்டை வந்தால் ஒன்றுமில்லை, சோழி வந்தால் லட்டு.

மதியத்துக்குள் தோட்டமே தலைகால் புரியாமல் ஓடியது. மாராயி அக்கா மூங்கில் ஏணியில் ஏறியதும் தெரியவில்லை, இறங்கியதும் தெரியவில்லை. பெருமை தாங்காமல் நான் கூடைகளை எண்ணினேனே தவிர, உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. பழனியண்ணன் மட்டும் நிதானமாகப் பறித்தார்.

"ஏனுங்கண்ணா, லட்டு வேண்டாமுங்களா?"

"வந்தா வருது, வராட்டிப் போவுது கண்ணு. எங்கப்பனும் இப்படித்தான்."

ஆகா, மரபணு! நோட்டில் குறித்துக்கொண்டேன்.

மாலையில் களத்தில் கொட்டினால் பாதிக்கு மேல் பிஞ்சு. காயவைத்தால் வெறும் தோல்தான் மிஞ்சும். தோட்டம் கைவிட்டுப் போனது என்று விக்கி விக்கி அழுதேன். அழுது முடித்ததும் வெட்கமில்லாமல் பசித்தது. அம்மா சோற்றோடு பச்சை மிளகு ஊறுகாய் வைத்தாள். தட்டையே பார்த்தேன். அப்படியே கைகழுவி எழுந்து எலுமிச்சங்காய் பறிக்க ஓடினேன். மறுநாள் எல்லோருமாக உட்கார்ந்து பிஞ்சையெல்லாம் உப்பும் எலுமிச்சைச் சாறுமாக எட்டு ஜாடியில் ஊறப்போட்டோம்.

திரும்பி வந்த அப்பா ஒரு ஜாடியைத் திறந்து முகர்ந்தார். ஜாடிகளைக் கல்யாணத்துக்கு ஏற்றினார், அவ்வளவுதான்.

முதல் பந்தியிலேயே நான்கு ஜாடி காலி. மாப்பிள்ளையின் அப்பாவே சமையல்கட்டுக்கு வந்துவிட்டார். "ஏனுங்க, அந்த ஊறுகா இன்னுங் கொஞ்சம் கெடைக்குங்களா?"

அப்பா என்னை முன்னால் தள்ளினார். "எம் பொண்ணு போட்டதுங்க. தோட்டமே இனி அவ பொறுப்புத்தான்."

நான் அடங்கியிருப்பேனா? மறுபடி கேட்கச் சொல்வது நாக்கு அல்ல, மூளையில் பொங்கும் டோபமின் என்று பந்தி முழுக்க விளக்கினேன். இன்றுவரை எங்கள் வீட்டு விசேஷங்களில் "இங்க ஒரு கரண்டி டோபமின் வைங்க" என்றுதான் கேட்கிறார்கள். போன கல்யாணத்தில் அது காதில் விழுந்த டாக்டர் மாப்பிள்ளை ஒருவர், வாய்க்குப் போன கவளத்தை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். பிறகு அவரும் இலையைக் காட்டினார்.